மாமனாரின் இடம்புரித் திருகாணி

என் மாமனாரும் நானும் ஒரு தடவைகூட ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசியதில்லை. எங்கள் குடும்பத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மாமனார் மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கல்யாண வீடுகளில் எங்களைக் காட்டிப் பேசுவதுண்டு. அவருடைய துப்பாக்கியின் முன்கட்டையில் ஒரு விரிசல் இருக்கிறது. அது இந்தப் பெருமையினால் உண்டானது.

நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதே குறைவு. அவர் என்னை "மாப்பிள்ளை" என்பார். நான் அவரை "மாமா" என்பேன். அதற்கு மேல் தேவைப்படும் சொற்களை என் மனைவி மூலமாக அனுப்பிக்கொள்வோம். அவர் இரண்டடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே நான் மனைவியிடம், "உங்கப்பாவுக்கு ஜன்னலைச் சாத்தணுமான்னு கேளு" என்பேன். அவர் அவளிடம், "மாப்பிள்ளைக்குக் காத்து வேணும்னா தெறந்தே இருக்கட்டும்மா" என்பார். அவள் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தனக்குத் தோன்றியபடி செய்வாள். அந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டுமென்று விரும்பியவர் யார், சாத்தியிருக்க வேண்டுமென்று விரும்பியவர் யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் மைசூர் சமஸ்தானத்தில் அமல்தாராக, அதாவது தாசில்தாராக, இருந்து ஓய்வு பெற்றவர். மலைநாட்டுத் தாலுக்காக்களில் குதிரை மேல் சுற்றியவர். மல்லேசுவரத்தில் சொந்த வீட்டில் இருந்தார். மாமியார் போன பிறகு, கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதில், இருந்த கொஞ்சப் பார்வையும் போய்விட்டது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். வேறு பிள்ளைகள் இல்லாததால் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கே தயங்கிய தலைமுறை அது. இரண்டு வருஷம் ஆகியும் அவருடைய டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் பூட்டியபடியே இருந்தது, அடுத்த வண்டிக்குப் போகிறவருடைய பெட்டி மாதிரி. காபி வேண்டுமென்று கேட்க மாட்டார். வந்தால் குடிப்பார். குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். முகம் மழிக்க வரும் நாவிதரிடம்கூட, "மாப்பிள்ளைக்கு ஆயிடுச்சா? அப்புறம் எனக்கு" என்பார். வீடு என்னுடையது, மகள் என்னுடைய மனைவி, நாவிதர் என்னுடைய நாவிதர். அவருடையது என்று அந்த வீட்டில் இருந்தது அந்தத் துப்பாக்கி ஒன்றுதான்.

அது பழைய காலத்து ஒற்றைத் தோட்டா ரைபிள். அடியில் ஒரு பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளினால் மேலே வாய் திறக்கும். அதற்குத் தோட்டா வாங்கியே பல காலம் ஆகியிருந்தது. ஆனால் காலை காபி முடிந்ததும் மனைவி அதை எடுத்து அவர் மடியில் வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பழைய வேட்டித் துண்டும் சின்ன எண்ணெய்க் குப்பியும். அவர் பிடியைத் தள்ளி, குழலுக்குள் துணியைச் செலுத்தி இழுத்து, இரும்பு முழுவதும் விரலாலேயே எண்ணெய் பூசி, மரத்தைத் துடைத்து, அரை மணி நேரம் வேலை செய்வார். ஒரு சொட்டு கீழே விழாது. அந்த அரை மணி நேரம் அவர் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. செருமலும் இருக்காது. ஏதோ ஒரு கன்னடப் பதத்தை மூக்கால் முனகிக்கொண்டிருப்பார். நான் பேப்பர் படிக்கிற பாவனையில் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டில் ஓர் அமல்தார் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

யுத்தம் வந்தது. ஐரோப்பாவில் யார் யாரையோ சுட்டுக்கொண்டிருந்ததன் பயனாக, அல்சூரில் ஒரு புதிய சப்-இன்ஸ்பெக்டர் என் மாமனாருடைய துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றார். மல்லேசுவரம் சமஸ்தானம். நாங்கள் இருந்தது கன்டோன்மென்ட். அது வெள்ளைக்காரர்களின் அரசாங்கம். ஒரு ஜட்காவில் ஏறி அரை மணியில் கடக்கிற தூரத்தில் துப்பாக்கி ஒரு ராஜ்ஜியத்திலிருந்து இன்னொரு ராஜ்ஜியத்துக்குள் வந்துவிட்டது, அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நானும் ஓர் ஆபீஸில் தலைமை குமாஸ்தா. மற்றவர்கள் பதிவு செய்ய மறந்தவற்றைக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம்.

சனிக்கிழமை லைசென்ஸையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் எங்க சார்?"

"அந்தப் பக்கத்துலதான் இருக்கணும்."

"இருக்கணும் சரி. இருக்கா?"

இல்லை. நம்பர் வெட்டியிருக்க வேண்டிய இடம் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. காரணம் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அமல்தார் பங்களாவில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இரண்டு சேவகர்கள் உட்கார்ந்து, செங்கல் பொடியும் எண்ணெயும் போட்டு, அமல்தாரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமென்று அதைத் தேய்த்திருக்கிறார்கள். முப்பது ஆயுத பூஜைகளில் பக்தி நம்பரைத் தின்றுவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார். "இதுல மூஞ்சி பாத்து ஷேவிங் பண்ணிக்கலாம் சார். நம்பர் இல்லாத துப்பாக்கிய ரிஜிஸ்தர்ல நான் என்னன்னு எழுதறது? நாலடி நீளம், கறுப்பு நெறம், சாது சுபாவம்னு எழுதட்டுமா?"

"வேற வழி ஏதாவது..."

"குழாய்க்கு அடியில, மரத்துக்குள்ள இன்னொரு தபா அடிச்சிருப்பான் வெள்ளக்காரன். முன்னால இருக்கிற கட்டைய கழட்டினா தெரியும். கழட்டிக் காட்டுங்க. வெள்ளிக்கெழமை சாயங்காலம் வரைக்கும் டைம். இல்லேன்னா இங்க ஒப்படைச்சிடுங்க. நாங்க கிடங்குக்கு அனுப்பிடுவோம்."

"கிடங்குக்குப் போனா திரும்பி வருமா?"

"நான் பாத்ததில்ல சார். நான் சர்வீசுக்கு வந்தே பதினாறு வருஷம்தான் ஆவுது."

நீங்களே இங்கே கழற்றிப் பார்த்துவிடக் கூடாதா என்று கேட்டேன். "ஒடஞ்சா யார் பதில் சொல்றது? அதுலயும் மாமனார் துப்பாக்கின்னு சொல்றீங்க" என்று என்னை அனுதாபத்தோடு பார்த்தார். கன்டோன்மென்டில் துப்பாக்கி விற்கும் கடைக்குப் போனேன். ரிப்பேர் செய்கிறவர்களையெல்லாம் ராணுவப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"அப்பாகிட்ட வெள்ளிக்கெழம விஷயத்தைச் சொல்லாதீங்க. நம்பர் பாக்கணும், அவ்வளவுதான்னு சொல்லுங்க. எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கன்னு தெரிஞ்சா..." என்று நிறுத்தினாள். பிறகு, "அத கையில வெச்சிருக்கிறப்போதான் அவர் எங்கப்பா மாதிரி இருக்கார்" என்றாள்.

"நானே கழட்டிடறேன்" என்றேன்.

அவள் சுவரில் கிருஷ்ணர் படம் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள். அந்தப் படத்துக்குப் பின்னால், காலண்டருக்காக நான் ஓர் ஆணி அடிக்க முயன்ற பள்ளம் இருக்கிறது. பள்ளத்தின் அளவை உத்தேசித்துத்தான் படத்தின் அளவைத் தேர்ந்தெடுத்தோம்.

மாமனார் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது துப்பாக்கியைக் கவிழ்த்துப் பார்த்தேன். முன்கட்டையை அடியிலிருந்து ஒரே ஒரு திருகாணி பிடித்துக்கொண்டிருந்தது. காலணா அளவு தலை. ஆனால் அந்தத் தலையில் பிளவு இல்லை. திருப்புளியை எங்கே வைப்பது? நடுவில் ஒரு கோடு இருந்தால்தானே திருகாணி? இது வழவழவென்று பழுப்பாக, மூடிய கண் மாதிரி இருந்தது.

எனக்கு ஒரு சங்கடம் வந்தால் நான் செய்வது ஒன்றுதான். நூல் நிலையத்துக்குப் போனேன். கலைக்களஞ்சியத்தில் திருகாணியைப் பற்றி எட்டுப் பக்கம் இருந்தது. அதில் ஆறு பக்கம் கப்பலை உந்தும் திருகுகள். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு, கடலில் ஒரு நீராவிக் கப்பல் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று ஓரளவு தெரிந்துகொண்டு வெளியே வந்தேன்.

நான் வந்தபோது என் மனைவி துப்பாக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, தலையிலிருந்து எடுத்த கொண்டை ஊசியால் அந்தத் திருகாணியைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது சந்தனம்" என்றாள்.

உண்மைதான். தேய்த்தது போதாதென்று, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் எண்ணெய். மறு வருஷம் அதன் மேல் மறுபடி சந்தனம். அது கல்லாக இறுகியிருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டச் சுரண்ட, தலையின் இரு பக்கமும் இரண்டு சின்ன வட்டத் துளைகள் வெளிப்பட்டன. பிளவு இல்லை. இரண்டு துளைகள் மட்டும். இரு பக்கமும் மூக்குத்திக்குக் குத்திய மூக்கு மாதிரி. கண்டவனெல்லாம் திறந்துவிடக் கூடாது என்று யாரோ ஒரு வெள்ளைக்காரன் என்னை நினைத்தே அதைச் செய்திருக்கிறான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாமனார் துப்பாக்கியைத் துடைத்து முடித்ததும், "உங்கப்பாகிட்ட சொல்லு, நம்பர் பாக்கணும்னா முன்னால இருக்கிற கட்டைய எடுக்கணுமாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் சொல்வதற்கு முன்பே அவர் நிமிர்ந்தார். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக என் பக்கம் முகத்தைத் திருப்பி நேரடியாகப் பேசினார்.

"மாப்பிள்ளை, அது சாதா ஸ்குரூ இல்ல. உல்டா ஸ்குரூ. எல்லா ஸ்குரூவும் எடது பக்கம் சுத்தினா கழலும், இது வலது பக்கம் சுத்தினாத்தான் கழலும். ஏன் தெரியுமா? குண்டு போறப்போ குழலுக்குள்ள சுத்திக்கிட்டே போவுது. அதனால துப்பாக்கி மொத்தமும் ஒரு பக்கமா முறுக்கிக்கும். சாதா ஸ்குரூ போட்டா நாலு வெடில கழண்டு வந்துடும். அதுக்குத்தான் எதிர்ப் பக்கம் மரை வெட்டியிருக்கான். காட்டுல கேம்ப் போட்டிருந்தப்போ ஒரு தொரை எனக்குச் சொன்னது. வேட்டையில ரொம்பப் பெரிய ஷிகாரி."

அவர் கைகள் காற்றில் அந்தக் குண்டைச் சுழற்றிக் காட்டின. முகம் பத்து வயது குறைந்திருந்தது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? யோசித்துப் பார்க்கலாம் மாமா என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருக்கலாம். நான் இரண்டும் செய்யவில்லை.

"ரொம்ப சரி மாமா. சங்குலகூட வலம்புரி, இடம்புரின்னு ரெண்டு இருக்குதே. சைக்கிள்ல ஒரு பெடலுக்கு அப்படித்தான் வெச்சிருக்கான். கலைக்களஞ்சியத்துலயும் போட்டிருக்கான்" என்றேன். போட்டிருந்தது கப்பலைப் பற்றி. ஆனால் ஒரு பெரியவருடைய தவறுக்கு என் படிப்பால் முடிந்த உதவியைச் செய்தேன்.

"ஹௌது, ஹௌது" என்று கன்னடத்திலேயே ஆமோதித்துத் தலையாட்டினார். மகளிடம், "மாப்பிள்ளை எவ்வளவு படிச்சிருக்கார் பாரு" என்றார்.

துப்பாக்கியை அவர் முழங்கால்களுக்கு இடையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். நான் கீழே மண்டியிட்டேன். மனைவியின் கத்தரிக்கோலை விரித்து, அதன் இரண்டு முனைகளையும் இரண்டு துளைகளில் வைத்து, வலது பக்கம் திருகினேன். கத்தரிக்கோல் வளைந்தது. திருகாணி அசையவில்லை.

"மெதுவா மாப்பிள்ளை. நல்லாப் பண்றீங்க" என்றார்.

அந்தக் கத்தரிக்கோலால் பிறகு எதை வெட்டினாலும் பிறை வடிவமாகத்தான் வரும்.

திங்கட்கிழமை அல்சூர் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். துப்பாக்கியைத் தெருவில் எடுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் கொழுக்கட்டை மாவை உருட்டி, திருகாணியின் தலை மேல் அழுத்தி, அந்த இரண்டு துளைகளின் அச்சை எடுத்து, இலையில் பொதிந்து எடுத்துப்போனேன். இது என் சொந்த யோசனை. அதைப் பற்றி வழி நெடுக எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

கடைக்கார பாய் இலையைப் பிரித்துப் பார்த்தார். "என்னா சாமி இது? எலிக்கு வெக்கிறதா?"

"அளவு. இந்த ரெண்டு ஓட்டைக்கும் சேர்ற மாதிரி ஒரு சாவி வேணும்."

"அரே, ரெண்டு ஓட்டை சாவி நம்மகிட்ட இருக்குது சாமி. பெடல் நடுவுல இருக்கிற கப்புக்குப் போடறது. ஆனா அது பெருசு." உருண்டையை முகர்ந்து பார்த்தார். "வெல்லம் போடலியா?"

ஒரு பழைய இரும்புப் பட்டையில் இரண்டு ஆணி முனைகளை வைத்து அடித்து, அரத்தால் ராவி, செவ்வாய்க்கிழமை கொடுத்தார். வீட்டுக்கு எடுத்து வந்து வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. வெயிலில் மாவு உலர்ந்து சுருங்கிவிட்டிருக்கிறது. பாய் சுருங்கின மாவுக்கு மிகச் சரியாகச் செய்திருந்தார். மறுபடி ஒரு சோப்புத் துண்டில் அச்சு எடுத்துக்கொண்டு போனேன். "இப்போ துவைக்கிறதுக்குக் கொண்டாந்தியா சாமி?" என்று வாங்கிக்கொண்டார். புதன்கிழமை சாயங்காலம் சரியான சாவி வந்தது.

மாமனார் துப்பாக்கியை மடியில் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். நான் ஆபீஸிலிருந்து வரும் சப்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார் என்று மனைவி சொன்னாள். கவிழ்த்துப் பிடித்து, முன்கட்டை மேல் இடது கையை வைத்துக்கொண்டார். சாவி இரண்டு துளைகளிலும் அழகாக இறங்கியது.

"எந்தப் பக்கம் மாமா?" தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"வலது பக்கம் மாப்பிள்ளை. வலது பக்கம்."

பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் திருகினேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது நகர்ந்தது. உண்மையாகவே நகர்ந்தது. கால் சுற்று.

"வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

"நான் சொன்னேனா இல்லையா!" என்று அவர் கத்தினார். எங்கள் இருவருக்கும் இடையில் அதுவரை யாரும் கத்தியதில்லை. மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவர் என் தோளைத் தேடித் தட்டிக்கொடுத்தார். அப்போது மரத்திலிருந்து டிக் என்று ஒரு சப்தம் வந்தது. திருகாணியிலிருந்து முன்னோக்கி, ஒரு மயிரிழை போல, இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு ஓடியிருந்தது.

"என்ன சப்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா. பழைய பிசின்."

அதற்கு மேல் அது நகரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றோம். அவர் அன்று இரண்டாவது டம்ளர் காபியைத் தானே கேட்டு வாங்கிக் குடித்தார்.

வியாழக்கிழமை ஆபீஸ் போகும் வழியில் சைக்கிள் கடையில் நின்றேன். சாவி பொருந்துகிறது, திருகாணியும் கால் சுற்று வந்தது, அதற்கு மேல் வர மறுக்கிறது என்றேன். பாய் கை துடைத்துக்கொண்டே கேட்டார்:

"எந்தப் பக்கம் சுத்தினே சாமி?"

"வலது பக்கம். அது உல்டா ஸ்குரூ."

"யார் சொன்னது?"

"மாமனார்."

பாய் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்கும் ஒரு மாமனார் இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சாமி, உல்டா மரை பெடல்ல இருக்குது, உள்ள கப்புல இருக்குது. சுத்திக்கிட்டே இருக்கிற சாமானுக்குத்தான் அது. கட்டையைப் புடிச்சிக்கிற ஸ்குரூவுக்கு எவனும் உல்டா வெக்கமாட்டான். நீ கால் சுத்து டைட் பண்ணியிருக்கே. இன்னும் கொஞ்சம் பண்ணு, கட்டை ரெண்டாப் போவும். வேலை முடிஞ்சுது."

அன்று ஆபீஸில் என்னிடம் வந்த காகிதம் ஒன்றையும் நான் படிக்கவில்லை. மாமா, நீங்கள் சொன்னது தவறு. இந்த வாக்கியத்தைப் பலவிதமாக மாற்றி எழுதிப் பார்த்தேன். மிகவும் மரியாதையாக எழுதினேன். செயப்பாட்டு வினையில் எழுதினேன். தவறை அந்தத் துரையின் தலையில் போட்டு எழுதினேன். எப்படி எழுதினாலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்போது ஒரு மாப்பிள்ளை சொல்லக்கூடிய வாக்கியமாக அது வரவில்லை. மனைவி வழியாக அனுப்பலாமா என்று யோசித்தேன். அவள் எங்கள் ஜன்னலைச் சுமந்தாள், காபியைச் சுமந்தாள். இதைச் சுமக்கச் சொல்ல மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது என்பதும் சேர்ந்துகொண்டது. தெரிந்திருந்தால், "சரி, அந்தப் பக்கமும் சுத்திப் பாருங்க" என்று அவரே சொல்லியிருக்கலாம். நாங்கள்தான் அவருடைய நன்மைக்காக அவரிடம் ஒன்றையும் சொல்லாமல் வைத்திருந்தோமே.

அவர் தூங்கும்போது கழற்றிவிடலாம் என்பதுதான் கடைசித் திட்டம். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியம் வந்தேன். அவர் தூங்கவில்லை. துப்பாக்கியை முழங்கால்களுக்கு இடையில் கவிழ்த்து வைத்து, இடது கையை முன்கட்டை மேல் வைத்தபடி, எனக்காக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. இன்னிக்கி விடக் கூடாது."

மண்டியிட்டேன். சாவியைத் துளைகளில் இறக்கினேன். பயந்துகொண்டே இடது பக்கம் அழுத்தினேன். கெட்டியாக இருந்தது. இன்னும் அழுத்தினேன். கிரீச்சென்று ஒரு சப்தத்தோடு அது விட்டுக்கொடுத்தது. கால் சுற்று. அரைச் சுற்று. அதற்குப் பிறகு எண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடியது.

நான் குனிந்திருந்த இடத்திலிருந்து அவருடைய கைதான் எனக்குத் தெரிந்தது. நாற்பது வருஷமாக அந்தக் கட்டையைப் பிடித்த கை. நான் இடது பக்கம் அழுத்தும்போது கட்டை எந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ள முயல்கிறது என்பதை அந்தக் கை உணர்ந்துகொண்டுதான் இருந்தது. விரல்கள் ஒரு முறை அழுந்தின. பிறகு தளர்ந்தன.

"எந்தப் பக்கம் சுத்தறீங்க மாப்பிள்ளை?"

"நீங்க சொன்ன பக்கம்தான் மாமா."

சமையலறையில் ஏதோ தாளிக்கிற சப்தம் கேட்டது.

"ஆமா" என்றார். "அப்படித்தான்."

கையை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

கட்டை வந்துவிட்டது. குழலின் அடியில், ஒருவரும் தேய்க்காத, ஒருவரும் சந்தனம் வைக்காத இரும்பில், ஐந்து எண்கள் புதிதாக வெட்டியது போல் இருந்தன. மனைவி சுண்ணாம்பைத் தடவி ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். அதே ஐந்து. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, அதே நம்பர்!" என்றாள். "சந்தோஷம்மா" என்றார்.

ஜட்கா வைத்துக்கொண்டு கட்டை ஒரு துணியிலும் குழல் ஒரு துணியிலுமாகச் சுற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப்போனேன். சப்-இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்தரில் எழுதி முத்திரை வைத்தார்.

"பாத்தீங்களா சார், ஒரு ஸ்குரூ. அதுக்குப் போயி எப்படிப் பயந்தீங்க!"

சனிக்கிழமை காலை, காபிக்குப் பிறகு, மனைவி வழக்கம்போலத் துப்பாக்கியையும் துண்டையும் எண்ணெய்க் குப்பியையும் கொண்டுபோனாள். கட்டையைத் திரும்ப மாட்டியிருந்தோம். விரிசல் மேல் மெழுகு தடவியிருந்தேன். அவர் கையை நீட்டவில்லை.

"மாப்பிள்ளைக்கு இப்போ அதோட சூட்சுமமெல்லாம் தெரிஞ்சுபோச்சும்மா. அவரே துடைக்கட்டும்" என்றார்.

அவள் பூரித்துப்போனாள். உள்ளே வந்து, "அப்பா துப்பாக்கிய உங்களுக்கே குடுத்துட்டார், தெரியுமா? யார்கிட்டயும் குடுக்காதவர்!" என்று கிசுகிசுத்தாள். அவளிடம் உண்மையைச் சொன்னால், அவள் இரண்டு பேரையும் சுமக்க வேண்டியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து, எப்படியாவது அதைச் சரி செய்துவிடலாம் என்று, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு நேராகவே பேசினேன். "மாமா, நீங்க சொன்னதுதான் சரி. அது உல்டா ஸ்குரூதான். சைக்கிள் கடை பாய்கூடச் சொன்னான்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை" என்றார்.

மறுத்துப் பேசும் மனிதர்களிடம் மன்னிப்புக் கேட்க முடியும். எங்களுக்கு அந்த வசதியும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் நான்தான் துடைக்கிறேன். பிடியைத் தள்ளும்போது விரல் மாட்டிக்கொள்கிறது. குழலுக்குள் போன துணி நடுவழியில் நின்றுவிடுகிறது. எண்ணெய் என் வேட்டியில் பாதி. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருக்கிறார். கன்னடப் பதம் நின்றுவிட்டது.

ஒரு நாள் குப்பி கவிழ்ந்து, இரும்புக்குப் போக வேண்டிய எண்ணெய் முழுவதும் மரத்தின் மேல் வழிந்தது. மரத்தில் எண்ணெய் ஊறக் கூடாது. அது எனக்கே தெரியும். வாசனை அறை முழுவதும் பரவியது. அவர் மூக்கு ஒரு முறை விரிந்ததைப் பார்த்தேன். இப்போதாவது திட்டுவார், என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

அவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை கைக்கு அது நல்லாப் பழகிடுச்சும்மா" என்றார்.